ஸ்பிரிங் செமஸ்டருக்கு ஒரு ஆனர்ஸ் போதும்

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய ஸ்பிரிங் செமஸ்டர் பட்டியலைப் பார்த்தேன். லேபோடு பயாலஜி 2, நான்கு கிரெடிட். லேபோடு ஆனர்ஸ் கெமிஸ்ட்ரி 2, அதுவும் நான்கு. கால்குலஸ் 2, இன்னொரு நான்கு. அப்புறம் ஆனர்ஸ் வரலாற்று செமினார் மூன்று, ஆனர்ஸ் தத்துவம் மூன்று. ஆக 18. பாடம் என்று பார்த்தால் ஐந்துதான். ஆனால் அதில் மூன்று ஆனர்ஸ், அதாவது நன்றாகப் படிப்பவர்களுக்கென்று கூடுதல் கனத்தோடு வைக்கும் பாடங்கள். ஒன்றை வைத்துக்கொள், மற்ற இரண்டையும் இப்போதைக்கு விடு என்பதுதான் என் கட்சி. காரணத்தைக் கணக்கோடு சொல்கிறேன். ஒப்பவில்லை என்றால் ஞாயிற்றுக்கிழமை போனில் சண்டை போடலாம்.

அமெரிக்கக் கல்லூரிகளில் ஒரு கிரெடிட்டுக்கு வாரம் ஒரு மணி நேரம் வகுப்பு, வெளியே குறைந்தது இரண்டு மணி நேரம் வேலை என்பது பொது அளவு. அப்படிப் பார்த்தால் 18 கிரெடிட்டுக்கு 54 மணி. லேப் வந்தால் இந்தக் கணக்கு உதைக்கும். உன் பட்டியலையே எடுத்துக்கொள். பயாலஜி லெக்சர் 3 மணி, லேப் 3 மணி. கெமிஸ்ட்ரி லெக்சர் 3, லேப் 3, டிஸ்கஷன் 1. கால்குலஸ் 4. இரண்டு செமினாரும் சேர்ந்து 6. வகுப்பில் உட்காருவது மட்டுமே 23 மணி. வெளியே பயாலஜிக்கு 6, கெமிஸ்ட்ரிக்கு 6, கால்குலஸுக்கு 8, செமினார்களுக்கு 12, இரண்டு லேப் ரிப்போர்ட்டுக்கும் சேர்த்து 5 என்று வை. 37 வந்துவிட்டது. மொத்தம் 60. நூலகத்தில் நீ பார்க்கும் 10 மணி நேர வேலையைச் சேர்த்தால் 70. முதல் மூன்று வாரம் இது தாங்கும். ஆறாவது வாரம் இரண்டு மிட்டெர்ம், ஒரு கட்டுரை, ஒரு லேப் ரிப்போர்ட் எல்லாம் ஒரே செவ்வாய், புதனில் வந்து நிற்கும்போதுதான் தெரியும்.

ஆனர்ஸ் என்று ஒரே பெயரில் மூன்று வேறு வேறு சங்கதிகள் இருக்கின்றன. இதைப் பிரித்துப் பார்க்காமல் எல்லாவற்றையும் ஒன்றாக எண்ணுவதில்தான் முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் பலர் சிக்குகிறார்கள்.

முதலாவது செமினார். பதினைந்து இருபது பேர், வாரம் 80 முதல் 100 பக்கம் வாசிப்பு, மூன்று நான்கு கட்டுரைகள், வகுப்பில் பேசுவதற்கும் மதிப்பெண். பரீட்சை அநேகமாக இருக்காது. வேலை நிறைய, ஆனால் கிரேடு பெரும்பாலும் உன் கையில். ஒழுங்காக வாசித்து, முதல் கட்டுரையின் வரைவை, பேராசிரியர் மாணவர்களைச் சந்திக்க ஒதுக்கும் 'ஆபீஸ் அவர்ஸ்' நேரத்தில் கொண்டுபோய்க் காட்டினால் ஏ மைனஸுக்குக் கீழே போவது அரிது. இரண்டாவது, வழக்கமான பாடத்தின் ஆனர்ஸ் பிரிவு. உன் கெமிஸ்ட்ரி இந்த வகை. இங்கே பாடத்தின் ஆழமே மாறும். கால்குலஸ் என்றால் கணக்குப் போடுவது போய் நிரூபணம் எழுதுவதாகிவிடும் இடங்களும் உண்டு. அதைவிட முக்கியம், சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாரும் கெட்டிக்காரர்கள். அந்த வகுப்பில் கர்வ் போட்டால், அதாவது மற்றவர்களோடு ஒப்பிட்டுக் கிரேடு போட்டால், சராசரிக்கு மேலே வருவதே பெரும்பாடு. சில பேராசிரியர்கள் ஆனர்ஸ் பிரிவுக்குத் தாராளமாகக் கிரேடு போடுவார்கள், சிலர் கர்வே போடமாட்டார்கள். பழைய சிலபஸைக் கேட்டு வாங்கினால்தான் தெரியும். மூன்றாவது ஆனர்ஸ் கான்ட்ராக்ட். சாதாரணப் பாடத்தில் சேர்ந்து, பேராசிரியரோடு பேசி கூடுதலாக ஒரு வேலை செய்து, அதற்கு ஆனர்ஸ் கணக்கு வாங்கிக்கொள்வது. அதைப் பிறகு சொல்கிறேன்.

உன் கையேட்டில் மொத்தம் 24 ஆனர்ஸ் கிரெடிட் என்று இருக்கிறது, அதில் 6 தீசிஸுக்கு, அதாவது கடைசியில் எழுதும் ஆய்வேட்டுக்கு. மீதி 18, அதாவது மூன்று கிரெடிட் பாடம் ஆறு. கடைசி இரண்டு செமஸ்டர் தீசிஸுக்குப் போனால் முன்னால் இருப்பது ஆறு செமஸ்டர். செமஸ்டருக்கு ஒன்று! இந்தக் கணக்கில் அவசரம் எங்கே இருக்கிறது? பட்டத்துக்கு வேண்டியதும் 120 கிரெடிட்தான், 15 வீதம் எட்டு செமஸ்டர். 18 எடுப்பதால் நீ எதையும் முந்தப்போவதில்லை.

எந்த ஒன்று என்றால், ஒரே கல்லில் இரண்டு மாங்காய் விழும் பாடம். ஜென் எட் என்று எல்லாரும் கட்டாயம் முடிக்கவேண்டிய வரலாறு, தத்துவம், எழுத்து, கலை வரிசையில் ஏதோ ஒன்றையும் தீர்த்து, ஆனர்ஸையும் தீர்க்கவேண்டும். பட்டத்துக்கு எது முடிந்தது, எது பாக்கி என்று காட்டும் டிகிரி ஆடிட்டைத் திறந்து 'வாட் இஃப்' பகுதியில் அந்தப் பாடத்தைப் போட்டுப் பார். இரண்டு கட்டமும் நிறைந்தால் எடு. வெறும் எலெக்டிவாகப் போய் விழுந்தால், தலைப்பு எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். உன் வரலாற்று செமினார் இரண்டையும் தீர்க்கிறது என்று நினைக்கிறேன், ஆடிட்டில் உறுதிசெய்துகொள். தத்துவத்தை ஃபால் செமஸ்டருக்குத் தள்ளு. கெமிஸ்ட்ரியைச் சாதாரணப் பிரிவில் எடு. ஆக 15 கிரெடிட். அடுத்த ஆண்டு ஆர்கானிக் கெமிஸ்ட்ரி வருகிறது. அதற்கு வேண்டியது உறுதியான அடிப்படை, பாடத்தின் எண்ணுக்குப் பின்னால் நிற்கும் ஆனர்ஸ் எழுத்து இல்லை. மருத்துவம் படிக்கும் எண்ணம் இருப்பதால் இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன்.

கால்குலஸ் 2 பற்றியும் ஒரு சந்தேகம். பயாலஜி மேஜருக்குப் பல கல்லூரிகளில் கால்குலஸ் 1, அதோடு புள்ளியியல் போதும். உங்கள் கேட்டலாகில் என்ன போட்டிருக்கிறது என்று பார். நீ சேர்ந்த ஆண்டின் கேட்டலாகைப் பார்க்கவேண்டும், புதியதை இல்லை. கட்டாயம் இல்லை என்றால் மூன்று கிரெடிட் புள்ளியியல் எடுத்துக்கொள். தீசிஸுக்கு டேட்டா அலசும்போது அதுதான் கைகொடுக்கும். இந்தக் கடிதத்தில் மற்ற கணக்கெல்லாம் கால்குலஸ் இருப்பதாக வைத்தே போட்டிருக்கிறேன்.

இனி ஜி.பி.ஏ., அதாவது கிரெடிட் கணக்கோடு பார்க்கும் கிரேடு சராசரி. உன் ஆனர்ஸ் காலேஜில் நீடிக்க 3.4 வேண்டும். 15 கிரெடிட்டில் இப்படி வந்தது என்று வை. பயாலஜி பி பிளஸ், 3.3 பெருக்கல் 4, 13.2. கெமிஸ்ட்ரி பி, 12. கால்குலஸ் பி, 12. செமினார் ஏ மைனஸ், 3.7 பெருக்கல் 3, 11.1. கூட்டினால் 48.3. பதினைந்தால் வகுத்தால் 3.22. கோட்டுக்குக் கீழே. அதே கெமிஸ்ட்ரியில் பி போய் ஏ மைனஸ் வந்தால் கூட்டுத்தொகை 51.1, ஜி.பி.ஏ. 3.41. ஒரு நான்கு கிரெடிட் பாடம் உள்ளே இருப்பதையும் வெளியே போவதையும் தீர்மானிக்கிறது பார். அதனால்தான் நான்கு கிரெடிட் பாடத்தைச் சாதாரணப் பிரிவிலும் மூன்று கிரெடிட் பாடத்தை ஆனர்ஸிலும் எடுக்கச் சொல்கிறேன். ஒரு செமஸ்டர் சறுக்கினால் உலகம் முடிந்துவிடாது. பல இடங்களில் ஒட்டுமொத்த ஜி.பி.ஏ.வைத்தான் பார்ப்பார்கள், சரிசெய்துகொள்ள ஒரு செமஸ்டர் புரோபேஷன் கொடுப்பார்கள். 3.22க்குப் பிறகு அதே 15 கிரெடிட்டில் 3.6 எடுத்தால் சராசரி மறுபடி 3.41. ஆனால் தொடக்கத்தில் ஈடுகட்டுவது போல மூன்றாம் ஆண்டில் முடியாது. அப்போது வகுக்கும் எண் பெரிதாகிவிடும், நல்ல கிரேடுகூட மெல்லத்தான் தூக்கும்.

அட்டவணை போடும்போது காலியிடம் பார்த்துக் கண்ட இடத்தில் செருகாதே. செமஸ்டருக்கு ஒரே ஒரு பிரிவு உள்ள பாடத்தை முதலில் வை. அது உன் செமினார். அடுத்தது லேப்கள், மூன்று மணி நேரக் கட்டைகள், மதியத்தில் வரும், சீட் குறைவு. கெமிஸ்ட்ரி லெக்சர், லேப், டிஸ்கஷன் மூன்றும் ஒன்றோடொன்று கோத்திருக்கும், ஒன்றை மட்டும் பதிவுசெய்தால் சிஸ்டம் ஏற்காது. பத்துப் பிரிவு இருக்கும் கால்குலஸைக் கடைசியில் எங்கே வேண்டுமானாலும் பொருத்தலாம். இரண்டு லேபையும் ஒரே நாளில் வைக்காதே. இரண்டு ரிப்போர்ட்டும் அடுத்த வாரம் ஒரே நாளில் கேட்பார்கள்.

திங்கள், புதன், வெள்ளி வகுப்பு 50 நிமிடம். செவ்வாய், வியாழன் 75 நிமிடம். கால்குலஸ் போன்ற தினசரிப் பயிற்சிப் பாடத்துக்கு மூன்று நாள் வகுப்புதான் நல்லது, செமினாருக்கு 75 நிமிடம் பொருந்தும். வாரத்தில் ஒருமுறை மாலையில் இரண்டரை மணி நேரம் நடக்கும் செமினார் பார்க்க வசதியாகத் தெரியும். ஒரு நாள் காய்ச்சலில் படுத்தால் ஒரு வாரப் பாடமே போச்சு. இன்னொரு வில்லங்கமும் இருக்கிறது. நிறையப் பிரிவுகள் உள்ள கெமிஸ்ட்ரி, கால்குலஸுக்கு எல்லாப் பிரிவுக்கும் சேர்த்து மாலையில் பொதுத் தேர்வு வைப்பார்கள். அது செமினார் நேரத்தில் மோதும். பொதுத் தேர்வுத் தேதிகளைப் பதிவுக்கு முன்பே ரெஜிஸ்ட்ரார் பக்கத்தில் தேடிப் பார்த்துவிடு. ஃபைனல் அட்டவணையும் பெரும்பாலும் வகுப்பு நேரத்தை வைத்தே தீர்மானமாவது. ஒரே நாளில் மூன்று ஃபைனல் விழுகிறதா என்று இப்போதே தெரிந்துகொள்ளலாம்.

பதிவு நாளுக்கு ஒரு வாரம் முன்பு கணக்கில் பதிவைத் தடுக்கும் ஹோல்ட் ஏதாவது இருக்கிறதா பார். தடுப்பூசிச் சான்று, கட்டாத சில்லறை அபராதம், அட்வைசர் ஒப்புதல், இந்த மூன்றில் ஒன்றுதான் அநேகமாக மாட்டும். ஆனர்ஸ் மாணவர்களுக்கு முன்னுரிமைப் பதிவு கிடைப்பதைப் பலர் இதில்தான் கோட்டைவிடுகிறார்கள். பிரிவு எண்களை முன்கூட்டியே கார்ட்டில் போட்டு வை, ஒவ்வொன்றுக்கும் ஒரு மாற்றுப் பிரிவோடு. வெயிட்லிஸ்டில் நின்றால், அந்த நேரத்தில் வேறு பாடம் இல்லாமல் பார்த்துக்கொள். இடம் காலியானாலும் நேரம் மோதினாலோ கிரெடிட் உச்சவரம்பைத் தாண்டினாலோ பல சிஸ்டங்கள் உன்னைச் சத்தமில்லாமல் தாண்டி அடுத்தவரைச் சேர்த்துவிடும்.

பாடத்தை விடுவதற்கும் கணக்கு உண்டு. முதல் ஓரிரு வாரத்துக்குள் விட்டால் டிரான்ஸ்கிரிப்டில் தடமே இருக்காது. அதன்பின் ஒன்பது பத்து வாரம் வரை, பாதியில் விட்டதற்கு அடையாளமாக டபிள்யூ விழும். ஜி.பி.ஏ.வைத் தொடாது, ஆனால் எடுத்த கிரெடிட்டில் 67 சதவீதமாவது முடிக்கவேண்டும் என்ற நிதியுதவி விதியில் அது முடிக்காத பாடமாகவே சேரும். நீ 15 எடுத்து நான்கு கிரெடிட் பாடம் ஒன்றை விட்டால் மிச்சம் 11. முழுநேர மாணவர் என்ற தகுதிக்கு 12 வேண்டும். அதற்குக் கீழே போனால் நிதியுதவி, சில இடங்களில் விடுதி அறைகூட ஆட்டம் காணும். ஒரு கிரெடிட் பாடம் ஒன்றைச் சேர்த்து 16 ஆக வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லை இல்லை. பாஸ் ஃபெயில் முறையில் எடுக்கலாமே என்று யாராவது சொன்னால், அப்படி எடுத்தது பெரும்பாலும் ஆனர்ஸ் கணக்கிலும் மேஜர் கணக்கிலும் சேராது.

கான்ட்ராக்டை மூன்றாம் ஆண்டு மேஜர் பாடத்துக்கு வைத்துக்கொள். முந்நூறு பேர் லெக்சரில் அதைக் கேட்காதே. நாளைக்கு தீசிஸுக்கு வழிகாட்டியாகக் கேட்க நினைக்கும் பேராசிரியரின் சிறிய வகுப்பில் கேள். படிவம் செமஸ்டர் தொடங்கிய சில வாரத்துக்குள் கையெழுத்தாகவேண்டும், பல இடங்களில் பாடத்தில் குறைந்தது பி வந்தால்தான் ஆனர்ஸ் கணக்கு. படிவத்தில் 'கூடுதல் ஆய்வு' என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் டிசம்பர் வரை இழுக்கும். பத்துப் பக்கக் கட்டுரை, இன்ன டேட்டா, நான்கு சந்திப்பு, பன்னிரண்டாம் வாரம் ஒப்படைப்பு என்று எழுது. வெளிநாட்டில் ஒரு செமஸ்டர் படிக்கும் எண்ணம் இருந்தால், அங்கே விட்டுப்போகும் ஆனர்ஸ் பாடத்தை ஈடுகட்டவும் இதுவே வழி. தீசிஸில் மனிதர்களிடம் கேள்வித்தாள் கொடுப்பதாக இருந்தால் மனிதர்களை வைத்துச் செய்யும் ஆய்வுகளைப் பரிசீலிக்கும் ஐ.ஆர்.பி. குழுவின் அனுமதிக்குப் பல வாரங்கள் போகலாம், அதனால் வழிகாட்டியை மூன்றாம் ஆண்டு ஸ்பிரிங்கிலேயே பிடித்துவிடு.

அட்வைசரைப் பார்க்கப் போகும்போது டிகிரி ஆடிட்டின் பிரதியும் நான் சொன்ன 15 கிரெடிட் பட்டியலும் கையில் இருக்கட்டும். போகும் முன் செமினார் பேராசிரியருக்கு ஒரு மெயில் போட்டு, வாரம் எத்தனை பக்கம், எத்தனை கட்டுரை, வகுப்பில் பேசுவதற்கு எத்தனை சதவீதம் என்று கேட்டுவை. பதில் வந்ததும் எனக்கும் அனுப்பு. நூலக வேலை நேரத்தை லேப் நாள்களில் போடச் சொல்லாதே.

அன்புடன்,
அப்பா