கண்புரை அறுவைக்குப் பின்னும் எழுத்து நிழலாடுவது ஏன்?

ஆசிரியர் அவர்களுக்கு,

கண்புரை அறுவை சிகிச்சை முடிந்து ஆறு வாரம் ஆன பின்னும், சுவரில் தொங்கும் தினசரி காலண்டரின் தேதி எனக்கு நிழல் விழுந்தாற்போலவே தெரிந்தது. உள்ளே வைத்த லென்ஸ்தான் சரியில்லையோ என்று அஞ்சினேன். கருவிழியின் வளைவு எல்லாத் திசையிலும் ஒரே சீராக இல்லாததால் வரும் சிலிண்டர் பவரே காரணம் என்று பரிசோதனையில் தெரிந்தது.

இக்குறை முன்பே இருந்திருக்கலாம்; அறுவையின் கீறலாலும் கூடலாம். ஒலி அலையால் புரையை உடைத்து உறிஞ்சி எடுக்கும் பேக்கோ முறையில் கீறல் ஏறத்தாழ 2.2 முதல் 2.8 மி.மீ. வரைதான், கையால் செய்யும் சிறுகீறல் முறையில் அது சுமார் 6 மி.மீ. கீறல் நீளமாகவும் கருவிழிக்கு நெருக்கமாகவும் அமையுமளவுக்கு வளைவு மாறும் என்பதோடு, மேற்புறத்தில் இடுவதைவிடக் காதுப் பக்கமாக இடும் கீறலால் அந்த மாற்றம் பொதுவாகக் குறைவு. சிலிண்டர் பவரும் சேர்த்துச் செய்யப்பட்டு, கண்ணுக்குள் வைக்கப்படும் டோரிக் லென்ஸ் இக்குறையைச் சரிசெய்யும்; ஆனால் அது தன் இடத்திலிருந்து ஒரு டிகிரி திரும்பினாலே பலனில் சுமார் 3 சதவீதம் போய்விடும், 30 டிகிரி திரும்பினால் பலனே இராது. கண் உலர்ந்திருந்தாலோ, அறுவைக்கு முன் எடுக்கும் கருவிழி வளைவின் அளவே பிழையாகிவிடலாம்.

எனக்கு இவற்றை முன்கூட்டி யாரும் சொல்லவில்லை. அறுவைக்கு முன்பே சிலிண்டர் அளவை நோயாளிக்கு விளக்கி, சீட்டிலும் எழுதித் தருமாறு கண் மருத்துவமனைகளைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், தஞ்சாவூர்