மொரிஸ் மைனர் பிரேக் சீல் செட் தொடர்பான முறைப்பாடு

தலவாக்கலை
14.10.2025

முகாமையாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

ஐயா,

விடயம்: பிரேக் ஒயிலில் உப்பிப்போகும் பிரேக் சீல்களை விற்றது

கடந்த ஜூலையில் உங்களிடம் கூரியரில் வாங்கிய பிரேக் சீல் செட், ஒயில் பட்டுச் சில வாரங்களில் உப்பிப் பெருத்து, ஓடிக்கொண்டிருந்த என் காரின் சக்கரங்களை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. போனில் பேசியாயிற்று. வட்ஸ்அப்பில் படமும் அனுப்பியாயிற்று. உருப்படியாக எந்தப் பதிலும் வரவில்லை. அதனால்தான் எழுத்தில் தருகிறேன். தமிழில் எழுதுவதற்குக் குறை சொல்லாதீர்கள். உங்கள் விளம்பரம் எனக்குத் தமிழில்தான் வந்தது.

வண்டி 1959ஆம் ஆண்டு மொரிஸ் மைனர் 1000. 948 சீசீ எஞ்சின், ஸ்ரீ நம்பர். எங்கள் பக்கத்துத் தோட்டத்துத் துரை ஒருவர் ஓட்டியது. 1975இல் கம்பனித் தோட்டங்களை அரசாங்கம் எடுத்த காலத்தில் அவர் அதை விற்றுவிட்டு ஊர் போய்ச் சேர்ந்தார். அப்புறம் பல கை மாறி, கடைசியில் ஒரு மாட்டுக் கொட்டிலில் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. ஊழியர் சேமலாப நிதிப் பணம் கைக்கு வந்த வருடம் நான் வாங்கினேன். அதற்காக வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக் கதை, இங்கே வேண்டாம்.

நான் தேயிலை ஸ்டோரில் பிட்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ரோலர், டிரையர், சல்லடை மெஷின் என்று எல்லாவற்றையும் பிரித்துப் பூட்டியிருக்கிறேன். இதை எழுதக் காரணம், உங்கள் ஆட்கள் என்னிடம் பேசிய விதம்தான். போன் எடுத்த பிள்ளை, "அங்கிள், இது ரொம்பப் பழைய வண்டிதானே, அப்படித்தான் இருக்கும்" என்று சொன்னார். வண்டி பழையது என்பது எனக்குத் தெரியும். சீல் புதியது. நான் காசு கொடுத்தது சீலுக்கு.

இந்த வண்டியைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் விஷயம் விளங்கும். பெடலை மிதிக்கும்போது ஒயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளுகிற பிரேக் மாஸ்டர் பம்ப், மைனரில் பொனட்டுக்குள் இல்லை. டிரைவர் கால் வைக்கும் தட்டுக்குக் கீழே, சேசிஸ் பீமுக்குள் இருக்கிறது. ஒயில் ஊற்றவே கார்ப்பெட்டைத் தூக்கி, சின்ன மூடித் தகட்டைக் கழற்ற வேண்டும். பம்ப்பை வெளியே எடுப்பதென்றால் முன் சஸ்பென்ஷனில் ஸ்பிரிங்காக வேலை செய்யும் டோர்ஷன் பார் என்ற முறுக்குக் கம்பி குறுக்கே நிற்கும், போல்ட்டை உருவ விடாது. அதை விலக்கியாக வேண்டும். அறுபத்தெட்டு வயதில் முதுகைச் சீமெந்துத் தரையில் போட்டு இதைச் செய்வது எப்படி என்று உங்கள் ஆட்களில் யாராவது ஒருநாள் வந்து செய்து பார்க்கலாம். சக்கரத்தில் பிரேக் லைனரைத் தள்ளுவது வீல் சிலிண்டர். முன் சக்கரம் ஒவ்வொன்றிலும் இரண்டு, பின்னால் ஒவ்வொன்று, ஆக ஆறு. ஆறையும் கழற்றி, துருவை மெல்லிய எமரித் தாளால் எடுத்து, உங்கள் சீலைப் போட்டு, திரும்ப மாட்டினேன். பிரேக் லைனில் இருந்த காற்றை எடுக்கும்போது மனைவிதான் பெடல் மிதித்தார். நான் கீழிருந்து "அமத்து, விடு" என்று கத்த, அவர் மேலிருந்து "அமத்திட்டேன், விட்டுட்டேன்" என்று கத்த, லயத்துப் பிள்ளைகள் வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டார்கள். பெடல் கல்லாக நின்றது. சந்தோஷமாகத்தான் இருந்தது.

சில வாரம் ஒரு குறையும் இல்லை. அப்புறம் ஒருநாள் மனைவியையும் பேத்தியையும் ஏற்றிக்கொண்டு நுவரெலியா ஆஸ்பத்திரி கிளினிக்குக்குப் புறப்பட்டேன். லிந்துலை தாண்டியதும் வண்டி இழுக்கவில்லை. மூன்றாம் கியரில் ஏறுகிற இடத்தில் இரண்டாம் கியர் கேட்டது. முதலில் பெற்றோலைச் சந்தேகித்தேன், பிறகு கார்பரேட்டரை. நானுஓயாவுக்குக் கிட்ட, றோட்டோரம் சமதரையில் நிறுத்தி ஹேன்ட்பிரேக் எடுத்துத் தள்ளிப் பார்த்தால், வண்டி ஓர் அங்குலம் நகரவில்லை. பிரேக் பெடல் ஒரு மயிரிழைக்கு மேல் கீழே போகவில்லை. லைனர் கருகிய வாசம். முன் சக்கரத்து டிரம்மில் போத்தல் தண்ணீரைக் கொஞ்சம் தெளித்தேன். சுர்ரென்று ஆவியாகிப் போயிற்று.

டூல் பெட்டியில் சின்ன ஸ்பேனர் எப்போதும் இருக்கும். முன் இடது சக்கரத்தின் காற்று எடுக்கும் நிப்பிளைக் கால் சுற்றுத் தளர்த்தினேன். யாரும் பெடலைத் தொடாமலே ஒயில் பீச்சி அடித்தது. உடனே அந்தச் சக்கரம் விட்டது. மெக்கானிக் தெரிந்தவருக்கு இது ஒன்றே போதும். தெரியாதவருக்குச் சொல்கிறேன். மாஸ்டர் பம்ப்புக்குள் ஒயில் தொட்டிக்குப் போகிற மிகச் சிறிய துளை ஒன்று இருக்கிறது. காலை எடுத்ததும் ரப்பர் கப் (நீங்கள் விற்ற சீல்தான்) பின்னுக்கு வந்து அந்தத் துளையைத் திறக்க வேண்டும், லைனில் உள்ள அழுத்தம் அதன் வழியே இறங்க வேண்டும். கப் பெருத்துவிட்டால் துளை மூடியே கிடக்கும். ஒவ்வொரு மிதிக்கும் அழுத்தம் கூடுமே தவிர இறங்காது. லைனர் டிரம்மை உரசும், சூடு ஏறும், சூட்டில் ஒயில் விரிந்து இன்னும் இறுக்கும். இப்படியே போகும்.

ஏறும் வழியில் நடந்ததால் தப்பினோம். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து இறங்கிவரும்போது, டிரம் அந்தச் சூட்டில் இருக்க, கொண்டை ஊசி வளைவில் மிதித்தால் என்ன நடக்கும் என்று நான் எழுத வேண்டியதில்லை. ஒயில் கொதித்தால் லைனில் ஆவி. ஆவியை மிதித்தால் பெடல் தரை மட்டும் போகும், வண்டி நிற்காது. ஹேன்ட்பிரேக் பின் சக்கரத்தை மட்டும் பிடிக்கிற கேபிள். ஓட்டத்தில் கியரை இலகுவாக விழவைக்கும் சிங்ரோ மைனரின் முதல் கியருக்குக் கிடையாது, ஓட்டத்தில் அவசரத்துக்கு உள்ளே போகாது. நான் அன்று வண்டியை ஓட்டவில்லை. லொறி பிடித்து ஏற்றி வந்தேன். மனைவியும் பேத்தியும் பஸ்ஸில் வந்தார்கள். கிளினிக் போகவில்லை.

வீட்டில் பிரித்துப் பார்த்தபோது மாஸ்டர் பம்ப் கப் ஊறப்போட்ட கொண்டைக்கடலை மாதிரி இருந்தது. விளிம்பு மடங்கி, விரல் நகம் பதியும் அளவுக்கு மெதுவாகியிருந்தது. பிஸ்டனைக் கையால் தள்ளி எடுக்க முடியவில்லை, காற்றழுத்தம் கொடுத்துத்தான் எடுத்தேன்.

இதற்கு நீங்கள் தந்த முதல் விளக்கம், நான் தவறான ஒயில் ஊற்றியிருப்பேன் என்பது. ஊற்றியது டொட் 4 வகைப் பிரேக் ஒயில், சீல் உடைக்காத புதுப் போத்தல், பற்றுச்சீட்டு இணைத்திருக்கிறேன். உங்கள் செட்டின் உறையிலேயே "டொட் 3, டொட் 4 இரண்டுக்கும் ஏற்றது" என்று அச்சடித்திருக்கிறது, அதன் படமும் இணைப்பில் இருக்கிறது. இரண்டாவது விளக்கம், மலைநாட்டு மூடுபனியின் ஈரம் ஒயிலில் கலந்திருக்கும் என்பது. பிரேக் ஒயில் ஈரத்தை இழுக்கும் என்பது உண்மைதான். டொட் 4 புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 பாகை வரை கொதிக்கக்கூடாது, ஈரம் குடித்த பிறகு 155 பாகை வரையாவது தாங்க வேண்டும் என்பது விதி. ஆனால் ஈரம் கொதிநிலையைக் குறைக்கும், இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும். ரப்பரை ஊதவைக்காது. அதுவும் சில வாரங்களில்!

வாதம் செய்து பயனில்லை என்று தெரிந்ததும் ஒரு சோதனை செய்தேன். பழைய வண்டி வைத்திருப்பவர்கள் எதையும் இரண்டாக வாங்குவோம், அடுத்த முறை கிடைக்குமோ கிடைக்காதோ என்று. உங்களிடமும் இரண்டு செட் வாங்கியிருந்தேன். இரண்டாவது செட் பிரிக்காமல் இருந்தது. மூடி போட்ட ஜாம் போத்தல்கள் எடுத்து, ஒன்றில் அதே டொட் 4, இன்னொன்றில் சாதாரண எஞ்சின் ஒயில் ஊற்றினேன். பிரிக்காத செட்டிலிருந்து ஒவ்வொரு போத்தலிலும் ஒவ்வொரு கப் போட்டேன். கூடவே, வண்டியிலிருந்து முதலில் கழற்றிய பழைய கப்புகளையும் ஒவ்வொன்று போட்டேன். ஒரு வாரம் சமையலறை அலுமாரிக்கு மேலே வைத்தேன். (அதற்கும் பேச்சு வாங்கினேன்.)

டொட் 4இல் போட்ட உங்கள் கப், 23 மில்லிமீற்றராக இருந்தது 25ஐத் தாண்டிவிட்டது. அதே செட்டிலிருந்து எஞ்சின் ஒயிலில் போட்டது அப்படியே இருந்தது. பழைய கப் இதற்கு நேர்மாறு: பிரேக் ஒயிலில் மாற்றமே இல்லை, எஞ்சின் ஒயிலில் கொழகொழத்துப் போனது. வேர்னியர் வைத்து அளந்த படங்கள் இணைப்பில் உள்ளன. இதை ஆய்வுகூடச் சான்றிதழ் என்று சொல்லவில்லை. ஆனால் பிரேக் ஒயிலைத் தாங்கும் ரப்பர் வேறு, எஞ்சின் ஒயில் போன்ற மினரல் ஒயிலைத் தாங்கும் ரப்பர் வேறு. ஒன்றைத் தாங்குவது பெரும்பாலும் மற்றதைத் தாங்காது. பிரேக் சீலுக்கு இபிடிஎம் ரப்பர் போடுவார்கள். எஞ்சினிலும் பம்ப்களிலும் ஒயில் சீலுக்கு நைட்ரைல் போடுவார்கள். ஸ்டோரில் சின்னப் பையனாகச் சேர்ந்த புதிதில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் இது. நீங்கள் எனக்கு விற்றது அச்சு அசல் பிரேக் கப் வடிவத்தில் வார்த்த நைட்ரைல் என்றுதான் நினைக்கிறேன். இல்லை என்றால், அந்த ரப்பர் என்ன என்று எழுத்தில் தாருங்கள்.

உங்களுக்கு இது புரிய வேண்டும் என்பதற்காக ஒன்று சொல்கிறேன். 2020இல் வாகன இறக்குமதி நின்றதிலிருந்து இந்த வருடம் திறக்கும் வரை, புதிய வண்டி வாங்க வழியில்லை, பாவித்த வண்டியின் விலையோ எட்டாத உயரம். கொட்டிலில் கிடந்த மைனர், ஒஸ்டின், வொக்ஸ்வாகன் எல்லாம் அப்போதுதான் றோட்டுக்கு வந்தன. பென்ஷன்காரர்கள் பலர் கையைக் கடித்துக்கொண்டு அவற்றைத் திருத்தி ஓட்டுகிறோம். சித்திரைச் சீசனில் மகாகஸ்தோட்டைக் கார்ப் போட்டியைப் பார்க்கவும், கோயிலுக்கும், கடைக்கும், கிளினிக்குக்கும் போகிற வண்டிகள் இவை. உங்கள் "கிளாசிக் கார்" விளம்பரம் வந்ததும் இந்தச் சந்தையைப் பார்த்துத்தான். இந்த நாட்டில் மைனருக்குத் தகடு அடித்து இங்கிலாந்துக்கே அனுப்பிய ஆட்கள் 1990களில் இருந்தார்கள். நம்மால் முடியாத வேலை இல்லை. தரம் பார்த்து இறக்குமதி செய்வதற்கு அதில் பாதி அக்கறைகூடத் தேவையில்லை.

இனி நான் கேட்பவை. இரண்டு செட்டின் விலையும் கூரியர் கூலியும் திரும்ப வர வேண்டும். அந்தச் சூட்டில் கண்ணாடியாகிப் போன முன் லைனர்களின் விலை, மாற்றியே ஆக வேண்டிய பிரேக் ஹோஸ்களின் விலை, லொறிக் கூலி ஆகியவற்றையும் தர வேண்டும். பில்கள் இணைப்பில் உள்ளன. என் உழைப்புக்குக் காசு கேட்கவில்லை, அதற்கு விலை போடத் தெரியாது.

பணத்தைவிட முக்கியமானது இது. அதே இறக்குமதித் தொகுதியிலிருந்து எனக்கு மட்டும் விற்றிருக்கமாட்டீர்கள். கூரியர் அனுப்பிய விலாசங்களும் போன் நம்பர்களும் உங்களிடம் இருக்கின்றன. அந்தச் செட் வாங்கிய ஒவ்வொருவருக்கும் போன் எடுத்து, வண்டியை ஓட்ட வேண்டாம், சீலைக் கழற்றுங்கள் என்று சொல்ல வேண்டும். பண்டாரவளையிலோ மாத்தளையிலோ இன்னொருவர் இன்று பெடலைக் கல்லாக நிறுத்திவிட்டுச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருப்பார். அவருக்கு ஏறும் வழியில்தான் நடக்கும் என்று நிச்சயமில்லை. விற்பனையையும் உடனே நிறுத்துங்கள். போன வாரமும் அதே செட் உங்கள் விளம்பரத்தில் தள்ளுபடியில் வந்ததைப் பேத்தி காட்டினாள்.

"விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது" என்று உங்கள் பில்லின் கீழே அச்சடித்திருக்கிறீர்கள். பொருளைப் பற்றிப் பொய்யான விவரம் சொல்லி விற்பதை 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் விவகார அதிகார சபைச் சட்டம் தடுக்கிறது. பில்லில் ஒரு வரி அடித்துவிட்டால் அந்தச் சட்டம் இல்லாமல் போகாது. இம்மாதம் 31ஆம் திகதிக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால் இந்தக் கடிதத்தின் பிரதியோடு அதிகார சபைக்கு முறைப்பாடு செய்வேன். 1977 என்ற அவர்களின் போன் நம்பர் எனக்கு மனப்பாடம்.

போத்தல்களையும் கப்புகளையும் உங்களுக்கு அனுப்பி வைக்கும்படி வட்ஸ்அப்பில் கேட்டிருந்தீர்கள். அனுப்பமாட்டேன், என்னிடம் உள்ள சாட்சி அவைதான். பார்க்க வேண்டுமானால் ரப்பர் தெரிந்த ஒருவரை அனுப்புங்கள். முதல்நாள் போன் எடுத்துவிட்டு வரச் சொல்லுங்கள், வண்டி இன்னும் கட்டையில்தான் நிற்கிறது.

இப்படிக்கு,
உண்மையுள்ள,
(ஓய்வு பெற்ற பிட்டர்)

இணைப்பு: உங்கள் பில், டொட் 4 பற்றுச்சீட்டு, உறையின் படம், வேர்னியர் அளவுப் படங்கள், லைனர், ஹோஸ், லொறிக் கூலி பில்களின் பிரதிகள்.