‘யூரி’ 1971இல் பிறந்ததல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த, ‘மங்கா’ எனப்படும் ஜப்பானியப் படக்கதைகள் பற்றிய கட்டுரை, பெண்களுக்கிடையிலான காதலைச் சொல்லும் ‘யூரி’ கதைகளுக்கு, ரியோகோ யமாகிஷி 1971இல் வரைந்த ‘வெள்ளை அறையில் இருவர்’ என்ற படைப்பையே தொடக்கமாகக் கொள்கிறது. படக்கதைகளை மட்டும் எடுத்துக்கொண்டால் இதில் பிழையில்லை. ஆனால் அதில் வரும் மகளிர் விடுதியும் துயர முடிவும் அதற்கு அரை நூற்றாண்டு முன்பே சிறுகதைகளில் வேரூன்றிவிட்டவை.

1916 முதல் ‘ஷோஜோ காஹோ’ என்ற சிறுமியர் இதழில் நொபுகோ யோஷியா எழுதிய ‘மலர்க் கதைகள்’ மொத்தம் 52. பள்ளியில் மூத்த மாணவி ஒருத்திக்கும் இளையவள் ஒருத்திக்கும் இடையே அரும்பும் நேசத்தை, ‘சிஸ்டர்’ என்ற சொல்லின் முதலெழுத்தைக் கொண்டு, மாணவிகள் ‘எஸ்’ என்றே குறிப்பிட்டனர். படிப்பு முடிந்து கல்யாணமானால் தானே தீர்ந்துவிடும் என்று நம்பியதால்தான் பெரியவர்கள் அதைக் கண்டும் காணாமல் இருந்தார்கள். ஆகவே கட்டுரையாளர் ‘மங்காவின் மிகையுணர்ச்சி’ என்று கூறும் அந்தப் பிரிவுத்துயர், என் பார்வையில், இத்தகைய கதைகள் அச்சேறுவதற்குக் கொடுத்த விலை.

நோபல் பரிசு பெற்ற எழுத்தாளர் கவாபாதாவின் பெயரில் வந்த, இதே வகை நாவலான ‘கன்னியர் துறைமுகம்’ (1937-38) பற்றியும் ஒரு திருத்தம் தேவை. அதன் மூலப்படியைப் பெரும்பாலும் எழுதியவர் சுனேகோ நகாசாதோ. ஜப்பானின் புகழ்பெற்ற இலக்கியப் பரிசான அகுதகவா விருதைப் பெற்ற முதல் பெண்ணும் அவரே. கவாபாதாவின் நோபல் பரிசு வெளிச்சத்தில் இது மறைந்துவிடுகிறது.

எனக்குப் பெரிய குறையாகப்பட்டது வேறொன்று. யோஷியாவுக்குக் கட்டுரையில் கிடைத்திருப்பது ஒரே ஒரு வரி. அதிலும் சியோ மொன்மா அவருடைய ‘செயலாளர்’ என்று மட்டும் குறிக்கப்படுகிறார். செயலாளராகவும் இருந்தார் என்பது உண்மைதான். ஆனால் கணித ஆசிரியையான சியோவை 1923இல் சந்தித்த யோஷியா, 1973இல் தாம் இறக்கும்வரை அவருடனேயே வாழ்ந்தார். இருவரும் மணம் புரியச் சட்டம் இடம் தராததால், தம்மைவிடச் சில வயதே இளையவரான சியோவை 1957இல் மகளாகத் தத்தெடுத்துக்கொண்டார். அந்தச் சுவீகாரப் பதிவை வைத்தே மலர்க் கதைகளில் இன்னொன்றை எழுதியிருக்கலாம். அடுத்த இதழில் ‘செயலாளர்’ என்ற அந்த ஒரு சொல்லையாவது திருத்தி வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகி, திருச்சி