அந்த நாற்காலியைப் போட்டுவிடாதே

அன்புள்ள விஜி,

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. முழங்கால் வலி, பேத்திக்குக் காய்ச்சல் என்று சாக்கு சொல்லலாம். நிஜத்தில், கடைசிப் பக்கத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தாயே, அதற்குப் பதில் எழுதத்தான் கை வரவில்லை. அப்பாவின் பிரம்பு நாற்காலி புது ஃபிளாட்டுக்கு ஒத்துவராது, பின்னலும் கிழிந்துவிட்டது, காயலான் கடைக்குப் போடப்போகிறேன் என்று. போட்டுவிடாதே. இதற்குள் போட்டிருந்தால் போய்த் திரும்ப வாங்கி வா.

போன ஞாயிற்றுக்கிழமை மருமகள் என்னை ஒரு பர்னிச்சர் கடைக்கு இழுத்துப் போனாள். இரண்டாவது மாடி முழுக்க 'மிட் செஞ்சுரி' சாமான்கள். போன நூற்றாண்டின் நடுவில் இருந்த மாதிரியில் இப்போது செய்தவை. அதாவது நீயும் நானும் பிறந்த காலத்துச் சரக்கு. கீழே வரவரச் சிறுத்து, சாய்ந்து நிற்கும் கால்கள், பிரம்பு முதுகு, கடுகு மஞ்சள் மெத்தை வைத்த சோபா, பழைய ரேடியோப் பெட்டிக்குக் கால் முளைத்தது போல ஒரு டிவி ஸ்டாண்டு. உங்கள் திண்டுக்கல் வீட்டு ஹாலைத் தூசு தட்டி ஏசி போட்டு வைத்த மாதிரி இருந்தது. சிரித்துக்கொண்டே ஒரு நாற்காலியின் விலைச் சீட்டைத் திருப்பினேன். 34,000 ரூபாய். சிரிப்பு நின்றுவிட்டது.

"இது சண்டிகர் சேர், ஆன்ட்டி" என்றான் விற்கிற பையன். அதற்குமேல் அவனுக்குத் தெரியவில்லை. எனக்கும் வீட்டுக்கு வந்து படித்த பிறகுதான் விவரம் புரிந்தது. சண்டிகரைக் கட்ட வந்த கட்டடக் கலைஞர் லெ கொர்புசியேவின் ஒன்றுவிட்ட சகோதரர் பியர் ஜானரே. 1951இல் வந்தவர் 1965 வரை அங்கேயே தங்கிவிட்டார். புது நகரம் என்றால் சட்டமன்றத்திலிருந்து குமாஸ்தா அறைவரை உட்கார நாற்காலி வேண்டுமே. அவரும் யூலி சவுத்ரி போன்ற நம் ஊர்க் கட்டடக் கலைஞர்களும் வரைந்து கொடுக்க, உள்ளூர்த் தச்சர்கள் தேக்கிலும் பிரம்பிலும் ஆயிரக்கணக்கில் செய்து தள்ளினார்கள். விரித்த கவராயம் போலக் கால்கள். முதுகு வேர்க்காமல் இருக்கப் பிரம்பு. பிறகு புதுச் சாமான்கள் வர, பழையவை மொட்டைமாடியில் குவிந்து, ஏலத்தில் மர விலைக்குப் போயின. வெளிநாட்டு வியாபாரிகள் அள்ளிப்போய்ச் சீர்செய்து ஒவ்வொன்றையும் லட்சக்கணக்கில் விற்றார்கள். 2011இல்தான் மத்திய உள்துறை விழித்துக்கொண்டு, வெளியே போகக் கூடாது என்று உத்தரவு போட்டது.

இதில் எனக்குப் பிடித்தது வேறு. அந்த நாற்காலிகளில் எந்த ஆபீஸ், எத்தனையாவது நாற்காலி என்று பெயின்ட்டால் எழுதியிருக்கும். இப்போது வாங்குகிறவர்கள் அந்த எழுத்தைத்தான் முதலில் தேடுகிறார்களாம். உங்கள் அப்பா ஆபீஸ் ஏலத்தில் எடுத்ததன் பின்சட்டத்திலும் ஒரு எண் உண்டே, அதன்மேல் சாக்பீசால் நம் பெயரை எழுதி இரண்டு பேரும் அடி வாங்கினோமே! அதற்காக உன் நாற்காலிக்கு லட்சம் கிடைக்கும் என்று கனவு காணாதே. அது சண்டிகர் சரக்கு இல்லை. உட்கார்ந்தால் முதுகு வலிக்காது, அவ்வளவுதான்.

என் கதையைக் கேள். போன வருஷம் இதே பாணியில் ஒரு டிவி ஸ்டாண்டு வாங்கினேன். பார்வைக்குத் தேக்கு, உள்ளே அமுக்கிய மரத்தூள். ஜன்னலோரம் வைத்திருந்தேன். மழைச் சாரலில் ஓரம் ஊறி அப்பளம் மாதிரிப் பொரிந்துவிட்டது. தச்சரைக் கூப்பிட்டுக் காட்டினால், ஒரு தட்டுத் தட்டிவிட்டு, "இதுல ஆணி நிக்காதும்மா" என்று பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

ஜனவரியில் பாண்டிச்சேரி போனபோது கோல்கொண்டே கட்டடத்தை வெளியில் நின்று பார்த்தேன். அரவிந்தர் ஆசிரமத்தின் விடுதி. அந்தக் கட்டட வேலையைக் கவனிக்க 1937இல் வந்தவர் ஜார்ஜ் நாகஷிமா. அமெரிக்காவில் பிறந்த ஜப்பானியர். ஆசிரமத்திலேயே சேர்ந்துவிட்டார், அரவிந்தர் அவருக்குச் சுந்தரானந்தா என்று பெயர் வைத்தார். விடுதி அறைகளுக்கான தேக்குச் சாமான்களும் அவர் வரைந்தவை. திரும்பிப்போன கொஞ்ச காலத்தில் போர் வந்தது. ஜப்பானிய வம்சம் என்பதற்காக 1942இல் அமெரிக்க அரசு அவரையும் மனைவியையும் கைக்குழந்தையையும் முகாமில் அடைத்தது. அங்கேதான் ஒரு ஜப்பானியத் தச்சரிடம் வேலையை நுணுக்கமாகக் கற்றார். பிற்பாடு மரச்சாமான் செய்வதில் பெரிய பேர். பலகையில் வெடிப்பு இருந்தால் மறைக்க மாட்டார். குறுக்கே வண்ணத்துப்பூச்சி வடிவில் ஒரு மரத்துண்டைப் பதித்து, வெடிப்பு எல்லோருக்கும் தெரியும்படி விட்டுவிடுவார். என் முழங்காலுக்கும் அப்படி ஒன்று பதித்தால் தேவலை.

அப்புறம், அதே கடையில் பித்தளைச் செம்பு ஒன்றைப் பூச்சாடி என்று வைத்திருந்தார்கள். விலையைச் சொன்னால் நீ சண்டைக்கு வருவாய். செம்பைத் தூக்கி வைத்துக் கொண்டாடியவர்களில் சார்லஸ் ஈம்ஸும் ரே ஈம்ஸும் உண்டு. அந்தக் காலத்து நாற்காலி என்றாலே இன்றும் அந்த அமெரிக்க வடிவமைப்பாளர் தம்பதியின் பெயர்தான் முதலில் வரும். 1958இல் நம் அரசுக்கு எழுதிய அறிக்கையில், இந்தியாவில் பார்த்த பொருள்களிலேயே மிக அழகானது செம்புதான் என்று எழுதினார்கள். இடுப்பில் வைக்க வாகு, ஊற்றினால் சிந்தாது, உள்ளே கைவிட்டுத் தேய்க்கலாம். அந்த அறிக்கையின் பேரில்தான் 1961இல் அகமதாபாத்தில் வடிவமைப்புக் கல்லூரி வந்தது. உன் பரணில் நாலு செம்பாவது இருக்கும். புளி போட்டுத் தேய்த்து எடு.

ஹாலுக்கு என்ன வாங்கலாம் என்று கேட்டிருந்தாய். சின்ன ஹால், தரையோடு ஒட்டிய சோபா வேண்டவே வேண்டாம். கால் உயரமாக இருந்தால் தரை தெரியும், இடம் பெரிதாகத் தோன்றும், துடைப்பமும் உள்ளே போகும். சமையலறை அலமாரியைப் பற்றி எனக்கு அபிப்பிராயம் இல்லை, உன் மருமகளைக் கேள்.

நாற்காலி பின்ன எங்கள் பாங்கிக்கு வருவாரே ஒருவர், கண் தெரியாதவர், ஞாபகம் இருக்கிறதா? விரலாலேயே ஓட்டையைத் தேடி, நீளத்தில் இரண்டு, அகலத்தில் இரண்டு, மூலைவாட்டில் இரண்டு என்று பிரம்புத் தோலை இழுத்து முடிப்பார். அவர் இப்போது இல்லை. அவரிடம் தொழில் கற்றவர் இருக்கிறார், விசாரித்துவிட்டேன். இருக்கைச் சட்டத்தில் சுற்றிலும் ஓட்டை இருக்கிறதா, வெறும் பள்ளம்தானா என்று கேட்கிறார். பள்ளம் என்றால் பின்னிய பாயை வாங்கி வைத்து அடிப்பதோடு சரி. ஓட்டை என்றால் கையால்தான் பின்ன வேண்டும். கவிழ்த்துப் போட்டு, ஒரு பக்கத்துக்கு எத்தனை ஓட்டை என்று எண்ணி உடனே எழுது.

உன்,
மங்கை