வைஃபை போனில் குரல் அறுபடுவது ஏன்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

திருநெல்வேலி, பாளையங்கோட்டை வட்டாரத்தில் மருத்துவமனை, தங்கும் விடுதி போன்ற பெரிய கட்டடங்களில், மேசைத் தொலைபேசிக்குப் பதிலாகக் கட்டடத்தின் வைஃபையிலேயே பேசும் சிறு போன்களைப் பணியாளர்களிடம் கொடுக்கும் வழக்கத்தை இப்போது பார்க்கிறேன். குரல் விட்டு விட்டுக் கேட்கிறது என்று புகார் எழுந்தவுடன், நிர்வாகத்தினர் இணைய வேகத்தைக் கூட்டச் சொல்கிறார்கள். விற்றவர்களோ வைஃபை சிக்னலைப் பரப்பும் பெட்டிகளான அக்சஸ் பாயிண்டுகளை இன்னும் நான்கு மாட்டச் சொல்கிறார்கள். இத்தகைய இணைப்புகளைப் பராமரிப்பதே தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில், இவ்விரு செலவும் பெரும்பாலும் வீண் என்பதைத் தங்கள் நாளிதழ் வழியாகச் சொல்ல விரும்புகிறேன்.

குரலைத் தரவாக மாற்றப் பரவலாகப் பயன்படும் ஜி.711 முறையில் ஓர் அழைப்புக்கு ஒரு திசையில் நொடிக்கு 100 கிலோபிட்கூடத் தேவையில்லை. ஆனால் அந்தக் குரல் வழக்கமாக 20 மில்லிநொடிக்கு ஒன்றாக, நொடிக்கு 50 பாக்கெட்டுகளாக, அதாவது சிறு தரவுத் துண்டுகளாகப் பிரிந்து செல்கிறது. ஒரு கோப்பைத் தரவிறக்கும்போது தொலைந்த பாக்கெட்டை மறுபடி கேட்டு வாங்கிக்கொள்ளலாம். பேச்சில் பிந்தி வந்ததும் வராததும் ஒன்றுதான். ஆகவே ஸ்பீடு டெஸ்டில் 200 மெகாபிட் காட்டும் இடத்திலும் பேச்சு உடையும். பார்க்க வேண்டிய கணக்கு வேறு: ஒரு திசைத் தாமதம் 150 மில்லிநொடிக்குள்ளும், அந்தத் தாமதத்தின் ஏற்ற இறக்கம் 30 மில்லிநொடிக்குள்ளும், பாக்கெட் இழப்பு 1 சதவீதத்துக்குள்ளும் இருந்தால் காதுக்குக் குறை தெரியாது.

சென்ற ஆண்டு ஒரு மருத்துவமனையின் இரண்டாம் மாடியில், “படிக்கட்டுப் பக்கம் போனா மட்டும் பாதி வார்த்தைய முழுங்கிருது சார்” என்று செவிலியர் ஒருவர் சொன்னார். அவர் பேசிக்கொண்டே நடக்க, நான் போனின் சிக்னல் அளவைப் பார்த்தபடி உடன் நடந்தேன். படிக்கட்டின் தலைக்கு மேலேயே ஓர் அக்சஸ் பாயிண்ட் இருந்தும், போன் அதற்கு மாறாமல், வார்டின் மறுகோடியில் இருந்த பழையதையே மைனஸ் 78 டிபிஎம் (சிக்னல் வலிமையின் அலகு; மைனஸ் எண் பெரிதானால் வலிமை குறைவு) அளவில் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தது. குரலுக்கு மைனஸ் 67-ஐ விடக் குறையாமல் இருப்பது நல்லது. மாட்டியவர்கள் எல்லா அக்சஸ் பாயிண்ட் பெட்டிகளின் சிக்னல் திறனையும் உச்சத்தில் வைத்துவிட்டதே காரணம். தாமிரபரணியின் இக்கரையில் ஒலிபெருக்கி வைத்துப் பேசினால் அக்கரைக்குக் கேட்கும். அங்கிருந்து வெறும் வாயால் கூப்பிடுபவரின் குரல் இங்கே எட்டாது. சிறு பேட்டரியில் ஓடும் போனின் நிலையும் அதுதான்: தூரத்துப் பெட்டியின் சிக்னல் எட்டுவதால் அது மாறாது, ஆனால் அதன் பதில் அங்கே ஒழுங்காக எட்டாது. திறனைக் குறைத்து, 1, 2 மெகாபிட் போன்ற பழைய மந்த வேகங்களை நிறுத்தியதும் போன் உரிய நேரத்தில் மாறத் தொடங்கியது. புதிதாக எதையும் வாங்கவில்லை; ஒரே சானலில் (அலைவரிசையில்) ஒன்றையொன்று இடித்துக்கொண்டிருந்த இரண்டைக் கழற்றவும் செய்தோம். வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைக்கற்றையில் ஒன்றன்மேல் ஒன்று படியாமல் பயன்படுத்தக்கூடியவை 1, 6, 11 என்ற மூன்று சானல்கள்தாம் என்பதால், பெட்டி கூடக் கூட நெரிசலும் கூடும்.

அதே கட்டடத்தில், கேண்டீனை ஒட்டிய அறையில் மட்டும் நாளுக்குச் சில நிமிடம் கரகரப்பு வரும். பால் சூடாக்கும் மைக்ரோவேவ் அடுப்பும் 2.4 கிகாஹெர்ட்ஸ்காரன்தான் என்று சொன்னபோது யாரும் நம்பவில்லை. அந்தப் பக்கத்துப் போன்களை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றிய பிறகே நம்பினார்கள். எக்ஸ்ரே அறையின் ஈயத் தகட்டைத் தாண்டி எந்த அலையும் ஒழுங்காகப் போகாது என்பதையும் கட்டடம் கட்டுகிறவர்கள் நினைவில் வைத்திருக்கலாம்.

குரலுக்கு முன்னுரிமை தரும் அமைப்பு அக்சஸ் பாயிண்டில் மட்டும் இருந்து, இடையில் கேபிள்களை இணைக்கும் சுவிட்ச் என்ற கருவி, குரல் பாக்கெட்டில் இட்ட முன்னுரிமைக் குறியை அழித்துவிடுமானால் பயனில்லை. ஒருவர் பேசுவது மட்டும் கேட்டு மற்றவர் பேசுவது அறவே கேட்காதிருந்தால், பெரும்பாலும் வலையமைப்பின் காவலான ஃபயர்வாலைத்தான் பார்க்க வேண்டும். தன் குரலே எதிரொலித்தால் பெரும்பாலும் எதிர்முனையில் உள்ள கருவியே காரணம். இவற்றுக்கும் வைஃபையையே பழிப்பது நோயறியாமல் ஊசி போடுவது போன்றது.

எனவே இத்தகைய போன்களை வாங்கும் நிர்வாகத்தினர், கடைசித் தவணைப் பணத்தைக் கொடுக்கும் முன்பு, விற்றவர் ஓர் அழைப்பைத் துண்டிக்காமல் ஒவ்வொரு தளத்திலும், படிக்கட்டிலும், கதவு மூடிய லிஃப்டிலும் பேசிக்கொண்டே நடந்து, அளவீடுகளை எழுத்தில் தரவேண்டும் என்று கேட்க வேண்டுகிறேன். அந்த நடை, வெளிநோயாளிகள் கூடி ஒவ்வொருவர் கையிலும் ஒரு செல்போன் இருக்கும் திங்கட்கிழமைக் காலையில் நடக்க வேண்டும். ஆளில்லாத ஞாயிற்றுக்கிழமை எடுத்த அளவீட்டை ஏற்கக் கூடாது.

இப்படிக்கு,
நெட்வொர்க் பராமரிப்பாளர் ஒருவர்,
பாளையங்கோட்டை.