சாந்தா மோனிகாவிலிருந்து யூ.சி.எல்.ஏ.வுக்கு: தாத்தாவுக்கு ஒரு கடிதம்

பாம்ஸ், லாஸ் ஏஞ்சல்ஸ்
7 செப்டம்பர் 2025

அன்புள்ள தாத்தாவுக்கும் அம்மாச்சிக்கும் வணக்கம்.

இங்கே நாங்கள் நால்வரும் நலம். அப்பாவுக்குக் கடையில் பகல் நேர வேலை கிடைத்துவிட்டதால் இரவில் எல்லோரும் சேர்ந்து சாப்பிட முடிகிறது. தங்கை பதினோராம் வகுப்புக்குப் போகிறாள். அம்மாவின் முழங்கால் வலி குறைந்திருக்கிறது.

சென்ற வாரம் தொலைபேசியில் பேசும்போது, "இரண்டு வருடம் ஒரு கல்லூரி, இரண்டு வருடம் இன்னொரு கல்லூரி என்று ஏன் அலைய வேண்டும், சேர்ந்த இடத்திலேயே படித்து முடித்தால் என்ன?" என்று தாத்தா கேட்டீர்கள். அழைப்பு துண்டிக்கப்பட்டதால் பாதியிலேயே நின்ற பதிலை எழுத்திலேயே விரிவாகச் சொல்லிவிடலாம் என்று இந்தக் கடிதத்தைத் தொடங்கினேன். உங்களிடம் ஒரு உதவியும் கேட்க வேண்டியிருக்கிறது.

நான் படிக்கும் சாந்தா மோனிகா கல்லூரி 1929இல் தொடங்கப்பட்ட ஒரு கம்யூனிட்டி காலேஜ். கலிபோர்னியாவில் இத்தகைய கல்லூரிகள் 116 இருக்கின்றன. இவற்றில் பெரும்பாலும் பட்டப்படிப்பின் முதல் இரண்டு ஆண்டுப் பாடங்களைத்தான் படிக்க முடியும். எனக்கு வேண்டிய நான்காண்டுப் பட்டத்தை இந்தக் கல்லூரி தருவதில்லை. எனவே சேர்ந்த இடத்திலேயே முடிப்பது என்பது என் விஷயத்தில் இயலாது. 1960இல் இந்த மாநிலம் உயர்கல்விக்கென்று ஒரு பெருந்திட்டம் வகுத்தபோது, பள்ளி இறுதியில் முன்னணியில் இருப்பவர்களைக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் நேரடியாக எடுத்துக்கொள்வது என்றும், மற்ற யாரும் கம்யூனிட்டி காலேஜில் சேர்ந்து, நன்றாகப் படித்துக் காட்டினால் மூன்றாம் ஆண்டில் அதே பல்கலைக்கழகத்துக்குள் வருவதற்கு வழி திறந்திருக்க வேண்டும் என்றும் ஏற்பாடு செய்தார்கள். அந்த வழிக்கு டிரான்ஸ்ஃபர் என்று பெயர். மாறிச் சென்றவருக்கு இறுதியில் கிடைக்கும் பட்டம் முதலாண்டிலிருந்தே அங்கே படித்தவருக்குக் கிடைக்கும் அதே பட்டம்தான். அதில் எந்த வேறுபாடும் குறிக்கப்படுவதில்லை. சித்தப்பா வீட்டில் யாராவது "அது முழுக் கல்லூரியா?" என்று கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

செலவையும் சொல்லிவிடுகிறேன், அது உங்களுக்கு முக்கியம் என்று எனக்குத் தெரியும். இங்கே பாடங்களை யூனிட் என்ற அளவில் கணக்கிடுகிறார்கள். மாநிலத்தில் வசிப்பவர்களுக்கு ஒரு யூனிட்டுக்கு 46 டாலர் கட்டணம். 2012 முதல் அது உயரவில்லை. மாறிச் செல்வதற்கு 60 யூனிட் வேண்டும் என்பதால் இரண்டு ஆண்டுகளுக்கும் சேர்த்துப் பாடக் கட்டணம் 2,760 டாலர்தான் ஆகும். பல்கலைக்கழகத்தில் ஓராண்டுக் கட்டணமே 15,000 டாலரைத் தொட்டுவிடுகிறது. ஓராண்டுக்கு மேல் இம்மாநிலத்தில் குடியிருந்தால்தான் இந்தக் குறைந்த கட்டணம் பொருந்தும். நாங்கள் 2023 கோடையில் வந்தோம். அந்தக் காலக்கெடு கடக்கும் வரை அத்தையின் கடையில் கணக்கெழுத உதவியாக இருந்துவிட்டு 2024 இலையுதிர் பருவத்தில் சேர்ந்தது இதனால்தான். நான் பிறந்த ஆண்டில் அத்தை போட்ட குடியேற்ற மனு நான் பன்னிரண்டாம் வகுப்பை முடித்த ஆண்டில் பலித்தது. அத்தனை ஆண்டு காத்திருந்த குடும்பத்துக்கு இன்னும் ஓராண்டு பெரிய சுமையாகத் தெரியவில்லை.

நான் சேர விரும்புவது கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின், யூ.சி.எல்.ஏ. என்று அழைக்கப்படும் லாஸ் ஏஞ்சல்ஸ் வளாகத்தில், வணிகப் பொருளியல் என்ற பட்டப்பாடத்தில். அங்கே ஆண்டர்சன் மேலாண்மைப் பள்ளி என்ற புகழ்பெற்ற பள்ளி இருந்தாலும், இளநிலை மாணவர்களுக்கென்று தனியான வணிகப் பட்டம் கிடையாது. வணிகத்தில் நாட்டமுள்ளவர்கள் எல்லோரும் பொருளியல் துறை நடத்தும் இந்தப் பாடத்தை நோக்கியே வருவதால் நெருக்கடி மிகுதி. விலை எப்படி அமைகிறது, முதலீட்டை எப்படி மதிப்பிடுவது, புதிதாகத் தொழில் தொடங்குபவன் எதை எதிர்கொள்கிறான் என்பவற்றைக் கணிதத்தின் துணையோடு படிக்கலாம் என்பதால் எனக்கு இது மிகவும் பிடித்திருக்கிறது. விருதுநகர்ச் சந்தையில் வத்தல் விலையும் உளுந்து விலையும் ஒரே நாளில் ஏறி இறங்குவதைக் கடைத் திண்ணையில் உட்கார்ந்து பார்த்து வளர்ந்தவனுக்கு, அந்த ஏற்ற இறக்கத்துக்குப் பின்னால் இருப்பதை முறையாகக் கற்க வேண்டும் என்ற ஆசை இருப்பதில் வியப்பில்லை.

இந்த வழியில் பாடங்களை முன்னிருந்து பின்னாகத் திட்டமிட்டால் நேரம் வீணாகும். போய்ச் சேர வேண்டிய இடத்தை முதலில் தீர்மானித்து, அங்கிருந்து பின்னோக்கி வர வேண்டும். தூத்துக்குடியில் கப்பல் ஏற வேண்டிய நாளை வைத்துக்கொண்டு, சரக்கை எப்போது சலித்து எப்போது மூட்டை பிடிப்பது என்று நீங்கள் கணக்குப் போடுவீர்களே, அதே முறைதான். இங்கே அதற்கு உதவுவது அசிஸ்ட் என்ற பொதுப் பட்டியல். நம் கல்லூரியின் எந்தப் பாடம் எந்தப் பல்கலைக்கழக வளாகத்தின் எந்தப் பாடத்துக்கு ஈடாக ஏற்கப்படும் என்று அதில் கல்லூரிவாரியாகவும் பட்டப்பாடவாரியாகவும் போட்டிருப்பார்கள். வாய்மொழியாக யார் என்ன சொன்னாலும் அந்தப் பட்டியலில் இருப்பதே செல்லும். பாடத் தேர்வுக்கு ஆலோசனை சொல்லும் கல்லூரிக் கவுன்சிலரைப் பார்க்கப் போகும்போதும் அதை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொண்டுதான் போகிறேன். அப்போதுதான் கிடைக்கும் அரைமணி நேரம் பயனுள்ளதாக அமைகிறது.

வணிகப் பொருளியலுக்கு என் பட்டியலில் இருப்பவை நுண்கணிதம் இரண்டு பாடங்கள், நுண்ணினப் பொருளியல், பேரினப் பொருளியல், கணக்குப்பதிவியல் இரண்டு பாடங்கள், ஆங்கிலக் கட்டுரைப் பயிற்சி இரண்டு பாடங்கள். இவற்றோடு புள்ளியியலையும் நானாகவே சேர்த்துக்கொண்டேன், ஏனென்றால் அங்கே போனதும் பொருளியலுக்கான புள்ளியியல்தான் முதலில் எதிரே வந்து நிற்கும். நுண்கணிதத்தில் எங்கள் கல்லூரியில் இரண்டு தடங்கள் உண்டு. வணிக மாணவர்களுக்கென்று சுருக்கிய தடம் ஒன்று, பொறியியல் மாணவர்களும் படிக்கும் முழுத் தடம் மற்றொன்று. பெயரில் வணிகம் இருப்பதால் முதல் தடமே நமக்கு உரியது என்று பலர் எடுத்துவிடுகிறார்கள். நான் கணிதம் 7, கணிதம் 8 என்ற முழுத் தடத்தை எடுத்தேன், ஏனென்றால் யூ.சி.எல்.ஏ.வின் 31ஏ, 31பி பாடங்களுக்கு ஈடாக நிற்பது அதுவே. பன்னிரண்டாம் வகுப்பு வணிகக் கணிதப் புத்தகத்தில் படித்த வகை நுண்கணிதமும் தொகை நுண்கணிதமும் அடித்தளமாக இருந்ததால் முதல் சில வாரங்களைத் திணறாமல் கடந்தேன். கந்தசாமி சாரைச் சந்தைப் பக்கம் பார்த்தால் என் நன்றியைச் சொல்லுங்கள்.

கணிதமும் பொருளியலும் ஆங்கிலமும் முதலாண்டிலேயே முடிந்துவிட்டன. ஆங்கிலக் கட்டுரைப் பாடம் ஒன்றில் மட்டும் பி கிடைத்தது. மற்றவை எல்லாம் ஏ. தமிழ்வழியில் படித்தவனுக்கு, பத்துப் பக்கம் ஆங்கிலத்தில் வாதம் செய்து எழுதுவது எளிதாக இருக்கவில்லை. கல்லூரியின் எழுத்துப் பயிற்சி உதவியாளர்களிடம் வாரந்தோறும் சென்று உட்கார்ந்துதான் அந்தப் பியையும் பெற்றேன், அதைக் குறைவாக நினைக்கவில்லை. இந்தப் பருவத்தில் கணக்குப்பதிவியலின் முதல் பாடமும் புள்ளியியலும் நடக்கின்றன. குறிப்பேடு, பேரேடு, இருப்பாய்வு, ஐந்தொகை என்ற அதே வரிசையில்தான் இங்கும் கற்பிக்கிறார்கள், தாத்தா. நீங்கள் சிவப்பு அட்டைப் பேரேட்டில் பற்றும் வரவும் எழுதுவதைப் பக்கத்தில் இருந்து பார்த்ததால், இரட்டைப்பதிவு முறையை ஆசிரியர் விளக்கத் தொடங்கியபோதே எனக்குப் புரிந்துவிட்டது. பொதுவாக அங்கே சேருவதற்கு முந்தைய வசந்த பருவத்துக்குள் தேவையான பாடங்கள் அனைத்தும் முடிந்திருக்க வேண்டும் என்பதால், கணக்குப்பதிவியலின் இரண்டாம் பாடத்தை வரும் வசந்தத்தில் வைத்திருக்கிறேன்.

இவ்வளவும் செய்தாலும் இடம் உறுதி என்று உங்களிடம் சொல்ல மாட்டேன். பல்கலைக்கழகம் விதித்துள்ள குறைந்தபட்ச மதிப்பெண் சராசரி, மாநில மாணவர்களுக்கு நான்குக்கு 2.4தான். ஆனால் இந்தப் பட்டப்பாடத்துக்கு உண்மையில் எடுக்கப்படுபவர்களின் சராசரி நான்குக்கு மிக அருகில் இருக்கிறது. பெரியம்மா மகன் பொறியியலுக்குப் போனபோது நடந்த ஒற்றைச் சாளரக் கலந்தாய்வில் தரவரிசை எண் தெரிந்துவிட்டால் என்ன கிடைக்கும் என்று ஏறத்தாழச் சொல்லிவிட முடிந்தது. இங்கே அப்படிப் பொதுத் தரவரிசை கிடையாது. ஒவ்வொரு வளாகமும் மதிப்பெண்ணோடு மாணவரின் சூழலையும் எழுத்தையும் சேர்த்துப் பார்த்துத் தனித்தனியே முடிவு செய்கிறது. கல்லூரிச் சேர்க்கையையே பொருளியல் சிக்கலாக எடுத்துக்கொண்டு, மாணவர்களையும் கல்லூரிகளையும் எப்படிப் பொருத்தினால் அந்தப் பொருத்தம் நிலைக்கும் என்று 1962இல் டேவிட் கேலுடன் சேர்ந்து எழுதிய லாயிட் ஷாப்ளி பிற்காலத்தில் யூ.சி.எல்.ஏ.வில்தான் பேராசிரியராக இருந்தார். அந்தத் துறைப் பணிக்காக 2012இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அவர் நடந்த வளாகத்துக்குள் நுழைவதற்கு நான் இப்படித் திட்டம் போட்டுக்கொண்டிருப்பதை நினைக்கும்போது எனக்கு உற்சாகமாக இருக்கிறது.

கல்லூரியில் ஸ்காலர்ஸ் என்ற சிறப்புத் திட்டத்தில் சேர்ந்திருக்கிறேன். அதன் பாடங்களை நல்ல மதிப்பெண்ணோடு முடிப்பவர்களை யூ.சி.எல்.ஏ. முன்னுரிமையோடு பரிசீலிக்கிறது. மறுபக்கம், அர்வைன், டேவிஸ், சாந்தா பார்பரா, ரிவர்சைடு, மெர்செட், சாந்தா குரூஸ் ஆகிய ஆறு வளாகங்கள், தாங்கள் கேட்கும் பாடங்களையும் மதிப்பெண்ணையும் நிறைவு செய்பவருக்கு முன்கூட்டியே இடத்தை உறுதி செய்து தருகின்றன. அதற்கு செப்டம்பர் மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். ஒரு வளாகத்தோடு மட்டுமே அந்த ஏற்பாட்டைச் செய்துகொள்ளலாம். யூ.சி.எல்.ஏ., பெர்க்லி, சான் டியேகோ மூன்றும் இதில் இல்லை. நான் அர்வைனைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன். அங்கும் வணிகப் பொருளியல் இருக்கிறது, பாடத் தேவைகளும் பெரும்பாலும் ஒத்துப்போகின்றன, இங்கிருந்து அதிகத் தொலைவும் இல்லை. ஆகவே லாஸ் ஏஞ்சல்ஸ் கிடைக்காவிட்டாலும் ஓராண்டு வீணாகாது.

அடுத்து அக்டோபரில் பொது விண்ணப்பத்தைச் சமர்ப்பிக்கும் காலம் தொடங்குகிறது. நவம்பர் இறுதிக்குள் அனுப்பிவிடுவேன். பரிந்துரைக் கடிதமோ நுழைவுத் தேர்வோ இல்லை, அதற்குப் பதிலாக நான்கு கேள்விகளுக்கு ஒவ்வொன்றும் 350 சொற்களுக்கு மிகாமல் விடை எழுத வேண்டும். தேர்ந்தெடுத்த பாடத்துக்கு எவ்வாறு தயாராகியிருக்கிறேன் என்ற கேள்விக்குக் கட்டாயம் விடையளிக்க வேண்டும். அதில் நம் கடையைப் பற்றி எழுத எண்ணியிருக்கிறேன். ஒரு பருவத்தில் விலை இறங்கும் என்று எல்லோரும் விற்றபோது நீங்கள் மட்டும் கிட்டங்கியில் உளுந்தை வைத்திருந்தீர்களே, அப்போது எதை வைத்து அந்த முடிவுக்கு வந்தீர்கள் என்று நேரம் கிடைக்கும்போது எனக்குச் சொல்ல வேண்டும். நான் சிறுவனாகக் கேட்ட கதை போதாது, கணக்கோடு வேண்டும். ஜனவரியில் புதிய மதிப்பெண்களைச் சேர்த்து அனுப்ப வேண்டும், மார்ச் தொடக்கத்துக்குள் உதவித்தொகை விண்ணப்பங்கள். யூ.சி.எல்.ஏ.வின் முடிவு ஏப்ரலில் தெரியும்.

இப்போது தொடக்கத்தில் சொன்ன உதவிக்கு வருகிறேன். மாறிச் செல்பவர்களுக்கென்று 2024இல் நான் சேர்ந்தபோது நடப்பில் இருந்த பொதுப் பாடத் தொகுப்பில், ஆங்கிலம் அல்லாத ஒரு மொழியில் தேர்ச்சி காட்ட வேண்டும் என்ற பிரிவு இருக்கிறது. இங்குள்ள மாணவர்கள் பலர் அதற்காக ஸ்பானிய மொழியைப் படிக்கிறார்கள். ஆங்கிலம் பயிற்றுமொழியாக இல்லாத பள்ளியில் ஆறாம் வகுப்பிலோ அதற்கு மேலோ இரண்டு ஆண்டுகளாவது முறையாகப் படித்தவர்களுக்கு, சான்று காட்டினால், அது நிறைவேறியதாக ஏற்கிறார்கள். நான் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்ததால் எனக்கு அது பொருந்தும். வசந்த பருவத்தில் ஒரு பாடத்துக்கான இடம் மிச்சமாகும்.

அதனால் தாத்தா, பள்ளிக்குச் சென்று தலைமையாசிரியரிடம் தமிழ்வழியில் பயின்றதற்கான சான்றிதழை வாங்கித் தர வேண்டும். அரசு வேலைக்குக் கேட்பார்களே, அந்தச் சான்றிதழ்தான். ஆறாம் வகுப்பு முதல் ஆண்டுகள் தெளிவாகக் குறிக்கப்பட்டிருக்கட்டும். பயிற்றுமொழி தமிழ் என்று ஆங்கிலத்திலும் ஒரு வரி இருந்தால் நல்லது. அத்துடன் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ்களின் சான்றொப்பமிட்ட நகல்களைப் பள்ளி முத்திரையிட்ட உறையில் வைத்து ஒட்டித் தரச் சொல்லுங்கள். உறையைப் பிரிக்காமல் அப்படியே அனுப்புங்கள். என் மூலச் சான்றிதழ்கள் இங்கே பத்திரமாக இருக்கின்றன; நகல்களை நாளையே மின்னஞ்சலில் சித்தப்பாவுக்கு அனுப்பிவிடுகிறேன். அடுத்த மாத நடுவில் கிடைத்தால் போதும், எனவே வெயிலில் அலைய வேண்டாம். சித்தப்பாவையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.

அம்மாச்சி மருந்தைத் தவறாமல் சாப்பிடட்டும்.

தங்கள் அன்புப் பேரன்,
முத்து