பலேர்மோவில் புரட்டாதி

அன்பின் நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்குத் திருமணம் நிச்சயமானதில் எனக்கு அளவில்லாத மகிழ்ச்சி. தங்கையின் முழங்கால் சிகிச்சை நல்லபடியாக முடிந்துவிட்டது. அவள் மெல்ல நடக்கத் தொடங்கியதும் எனக்கும் வெளியே போக நேரம் கிடைத்தது. நலம் விசாரித்த கையோடு அங்கே மரஞ்செடிகள் எப்படி என்றும் கேட்டிருந்தாய். அதை எழுத எனக்கும் ஆசைதான்.

பலேர்மோ இருக்கும் இத்தாலியின் சிசிலித் தீவில் கோடையில் மழை என்பதே அபூர்வம். ஆனாலும் கடற்காற்றின் ஈரத்தில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்கிறது. ஆபிரிக்கப் பக்கமிருந்து சிரோக்கோ என்ற வெப்பக்காற்று வீசும் நாட்களில் மூச்சு முட்டுகிறது. முன்னால் கடல், மற்றப் பக்கங்களில் மலை என்பதால் குளிர்காலத்திலும் உறைபனி அரிது. அதனால் வெப்ப நாட்டு மரங்கள் இங்கே பிழைக்கின்றன. ஆனால் காற்றில் உள்ள ஈரம் வேருக்குப் போதாது. நீர் ஊற்ற ஒரு கை வேண்டும். இந்த ஊரின் பச்சை முழுவதும் யாரோ ஒருவர் பார்த்துப் பார்த்து வளர்த்தது என்றே எனக்குத் தோன்றுகிறது.

தாவரவியல் பூங்கா 1795இல் திறக்கப்பட்டது. இன்று பலேர்மோ பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் இருக்கிறது. அங்கே ஓர் ஆலினத்து மரம் நிற்கிறது. ஃபைகஸ் மேக்ரோஃபில்லா என்பது தாவரவியல் பெயர். 1845இல் அவுஸ்திரேலியப் பக்கத்து நோர்போக் தீவிலிருந்து வந்தது. நம் ஆலைப் போலவே விழுது விட்டு, விழுதுகள் நிலத்தில் ஊன்றித் தூண்களாகிவிட்டன. வேர்கள் மண்ணுக்கு மேலே இடுப்பளவு சுவர்களாக எழுந்து ஓடுகின்றன. கீழே கிடந்த இலை ஒன்றை எடுத்துப் பார்த்தேன். மேற்புறம் எண்ணெய் பூசியது போன்ற கரும்பச்சை, அடிப்புறம் துருவின் நிறம். கிள்ளினால் பால் வடிகிறது. கடற்கரைப் பக்கம் பியாஸா மரீனாவில் உள்ள கரிபால்டி பூங்காவிலும் இதே இனத்தில் ஒரு பெருமரம் உண்டு. ஐரோப்பாவின் மிகப் பெரிய மரங்களில் ஒன்றாக அதைச் சொல்கிறார்கள். மாலையில் ஊர்ப் பெரியவர்கள் அதன் நிழலில் கூடுகிறார்கள்.

உன் வளவு இலவமரத்தின் உறவு ஒன்றையும் பூங்காவில் பார்த்தேன். செய்பா ஸ்பெசியோசா, தென்னமெரிக்காவைச் சேர்ந்தது. அடிமரம் வயிறு பெருத்து, பச்சைப் பட்டை முழுக்கத் தடித்த கூம்பு முட்களுடன் நிற்கிறது. இப்போது பூக்கும் காலம். ஒரு பாதையின் இரு பக்கமும் இதே மரங்கள். தரையெல்லாம் இளஞ்சிவப்பு இதழ்கள். பக்கத்தில் வில்லா ஜூலியா என்ற பழைய பூங்கா. 1787இல் ஜெர்மானியக் கவிஞர் கெதே அங்கே உலாவியபடி, எல்லாச் செடிகளுக்கும் மூலமான ஒரு செடி இருக்குமா என்று யோசித்தாராம். இத்தனை வகையை ஒரே இடத்தில் பார்த்தால் யாருக்கும் அந்தக் கேள்வி எழும்.

என் மனத்தை மிகவும் தொட்டது ஈழத்தலரிதான். நம் கோயில் வீதிகளில் கவனிப்பார் இல்லாமலே பூத்துக் கொட்டும் மரம் இங்கே பல்கனிச் சாடிகளில் செல்லப்பிள்ளை. பொமேலியா என்று அழைக்கிறார்கள். ஊரின் அடையாளப் பூவே அதுதான். தங்கையின் கீழ்வீட்டு மூதாட்டி தன் குசினியில் முட்டைக் கோதுகளைக் கழுவி ஒரு கூடையில் சேர்த்து வைத்திருக்கிறார். குளிர்காலத்தில் இலை உதிர்ந்ததும் ஒவ்வொரு கிளை நுனியிலும் ஒரு கோதைக் கவிழ்த்து வைப்பாராம். குருத்தைக் குளிரும் மழையும் தாக்கி அழுகவிடாமல் காப்பதற்கு. தன் தாய் செய்ததைத் தானும் செய்வதாகச் சொன்னார். தங்கை மொழிபெயர்க்க, நான் அந்தக் கிளை நுனிகளைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பராமரிப்பு அற்றுப்போனால் என்ன ஆகும் என்பதையும் இந்த ஊர் காட்டுகிறது. நகரைச் சுற்றிய சமவெளிக்குப் பொற்கிண்ணம் என்று பொருள்படும் பெயர். சிசிலியை அராபியர் ஆண்ட காலத்தில் எலுமிச்சையும் கசப்புத் தோடையும் வந்தன. தொட்டியும் வாய்க்காலும் அமைத்துப் பாசனம் செய்தார்கள். தொட்டிக்கு இங்கே வழங்கும் பெயர்கூட அரபுச் சொல்லிலிருந்து வந்ததே. 1950களுக்குப் பிறகு தோட்டங்களை அழித்து அடுக்குமாடிகள் எழுப்பினார்கள். நகரின் ஓரத்தில் சாக்குலி போன்ற சில இடங்களில்தான் மண்டரின் தோட்டங்கள் மிஞ்சியுள்ளன. பஸ்ஸில் போகும்போது இரண்டு கட்டடங்களுக்கு நடுவே ஒரு பழைய தொட்டி வறண்டு கிடந்தது. எனக்குப் பொறுக்கவில்லை.

ஞாயிறன்று பெல்லெக்ரீனோ மலையில், இந்த ஊரின் காவல் புனிதையான சாந்தா ரொசாலியாவின் கோயிலுக்குப் போனோம். நம் ஆட்கள், சைவர்களும்கூட, நேர்த்தி வைத்து அங்கே போகிறார்கள்.

பேரீச்சை இனத்துக் கனேரித் தீவுப் பனைகளைப் பற்றி உனக்குக் கட்டாயம் சொல்ல வேண்டும். சிவப்புக் கூன்வண்டு 2005 வாக்கில் சிசிலிக்குள் புகுந்து, வீதிகளையும் பூங்காக்களையும் அழகுபடுத்திய அந்தப் பனைகளை ஏராளமாகக் கொன்றுவிட்டது. நடு ஓலைகள் சரிந்து கொண்டை மொத்தமாகத் தொங்கும்போதுதான் வெளியே தெரியும். அதற்குள் உள்ளே புழுக்கள் தின்று தீர்த்திருக்கும். நம் பக்கத்துத் தென்னைகளைத் துளைப்பதும் இதே வண்டுதான்.

அதனால்தான் உன் கிணற்றடித் தென்னம்பிள்ளையின் குருத்து சாய்ந்திருக்கிறது என்று படித்ததும் எனக்குப் பயமாக இருந்தது. நாளைக்கே தண்டில் ஓட்டை தெரிகிறதா, கபில நிறத்தில் சாறு வடிகிறதா என்று பார். தண்டில் காது வைத்தால் புழு கடிக்கும் சத்தம் கேட்கலாம். பச்சை மட்டையை அடியோடு வெட்டாதே. வெட்டித்தான் ஆக வேண்டுமென்றால் நாலடி மட்டையை விட்டு வெட்டு. காயத்தின் வாசத்துக்குத்தான் வண்டு வரும். கொண்டையில் காண்டாமிருக வண்டு போட்ட ஓட்டை இருந்தால் அதையும் அடைத்துவிடு. மரம் தப்பாது என்று தெரிந்தால் மனம் இரங்காமல் தறித்து, தண்டைப் பிளந்து எரித்துவிடு. விட்டுவைத்தால் பக்கத்து வளவுத் தென்னைகளுக்கும் பரவும். பார்த்த உடனே எனக்கு எழுது.

அன்புடன்,
உன் நண்பன்